இரண்டாம் அங்கத்தில் கேட்ட இன்னொரு குரல்

மைக்கை ரூத்தின் தலைக்கு நேர் மேலே வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று நாற்பது. இரண்டு மணிக்குத் திரை. வெளியே ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து நவம்பர் மழை, டிராம் தண்டவாளங்களைக் கழுவிக்கொண்டிருந்தது. உள்ளே, ஆப்பரா என்கிற இசை நாடக அரங்கில், மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில், நாய்க்கூண்டு மாதிரி ஒரு மரப்பெட்டி. அதன் முதுகு ஜனங்களுக்கு, வாய் மேடைக்கு. மேடைக்கு அடியில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தலையை மட்டும் அந்தக் கூண்டுக்குள் நீட்டிக்கொண்டு, பாடுகிறவர்களுக்கு அரை மூச்சு முன்னால் அடியெடுத்துக் கொடுப்பது ரூத் நிலேனின் வேலை. பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை.

ரேடியோக்காரர்களுக்கு அந்தக் கூண்டு ரொம்பப் பிடித்துப்போனது. நடுவில் இருக்கிறது, உயரமும் சரி, மைக்கை மறைக்கவும் வசதி. ஸ்வாந்தெ என்ற ஒலிப்பதிவு இளைஞன் கூண்டின் உச்சியில் மைக்கைப் பொருத்தி, பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கக் கூடாதென்று மேலே ஒரு பச்சைத் துணியையும் போர்த்தினான்.

"இதுக்குள்ள மூச்சு விட்டா கூட வடக்கே கிருனா வரைக்கும் கேக்கும், மிஸ் நிலேன்" என்றான் பெருமையாக.

அது ரூத்துக்கு ஏற்கெனவே தெரியும். காலையிலேயே துணை இயக்குநர் லாகர்பெரி அவளை அறைக்கு அழைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். போன மாதம் வேறொரு ஊரிலிருந்து வந்த ஒலிபரப்பில், பாடகருக்கு முன்னாலேயே ஒரு கிசுகிசுப்பு எல்லா வரியையும் சொல்லிக்கொண்டே வந்ததாம். பத்திரிகைகள் ஒரு வாரம் அதை வைத்துச் சிரித்தன. இன்றைக்கு நேரடி ஒலிபரப்பு, நாடே கேட்கிறது. மிஸ் நிலேன் உதட்டை மட்டும் அசைத்தால் போதும். ஒரு வார்த்தை வெளியே போனாலும், திங்கட்கிழமை மிஸ் நிலேன் சிரமப்பட்டு அரங்குக்கு வர வேண்டியதில்லை. இதையெல்லாம் அவர் மிக மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொல்லும்போதுதான் லாகர்பெரி பயங்கரமானவர்.

ரூத்துக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வேலைக்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். அங்கே இப்போது மனுஷிகளுக்குப் பதில் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. திரும்பிப் போக இடமில்லை.

அவளைக் குடைந்தது அது மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இன்றைய ஆப்பராவில் ராணியாகப் பாடுகிறவள் தோரா ஹெட்வால். தோரா ஹெட்வாலுக்கு ஏழு மாதமாக வார்த்தைகள் மறக்கின்றன. அது இந்த உலகத்தில் ரூத்துக்கு மட்டும்தான் தெரியும்.

தோரா யார் என்று அந்த ஊரில் டிராம் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வான். வடக்கே கடலோரக் கல்குவாரியில் கல் உடைத்தவரின் மகள். பதினான்கு வயதில் தொழிற்சங்கக் கூட்டத்தில், பீப்பாய் மேல் ஏறி நின்று பாடியவள். கருங்கல் விற்காமல் குவாரி மூடியபோது, தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இவளைப் பாட்டுப் படிக்க அனுப்பினார்கள். கோடைகளில் மக்கள் பூங்காக்களின் மரமேடைகளில், கொசுக்கடியில், அக்கார்டியன் கோஷ்டி எப்போது வரும் என்று காத்திருந்த கூட்டத்துக்கு ஆப்பரா பாடி, அந்தக் கூட்டத்தையே "இன்னொண்ணு" என்று கேட்க வைத்தவள். பிறகு கோபன்ஹேகன், ஹாம்பர்க், கடல் தாண்டி சிகாகோ. யுத்தம் வந்ததும் கிடைத்த கப்பலைப் பிடித்து ஊர் திரும்பினாள். அரசர் "அரசவைப் பாடகி" என்று பட்டம் கொடுத்தார். அன்றிலிருந்து பால்காரன்கூட "அரசவைப் பாடகிக்கு இன்னைக்கு க்ரீம் வேணுமா?" என்றுதான் கேட்பான்.

ரூத்தும் அப்படியே. பத்தொன்பது வருஷம் அந்த அம்மாளின் ஒவ்வொரு மூச்சையும் எண்ணியிருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு அவர் "அரசவைப் பாடகி", அவருக்கு இவள் "மிஸ் நிலேன்". பட்டங்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்பதென்றால் இருவரில் பெரியவர்தான் கேட்க வேண்டும். சின்னவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டால் அது நாக்கு மேல் பல் போட்ட கதை. தோரா கேட்டதில்லை. கர்வம் ஒன்றும் கிடையாது. அந்தப் பேச்சுக்கு ஒரு நேரம் வாய்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதே மாதிரிதான் மறதி விஷயமும். வசந்த காலத்தில் ஒருநாள், தோராவின் கண் கூண்டுக்கு வரவேண்டிய நேரத்துக்கு ஒரு துளி முன்னாலேயே வந்தது. ரூத் வார்த்தையைக் கொடுத்தாள். அடுத்த வாரம் இரண்டு தடவை. கோடையில் முழு வரிகள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அரங்கில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் ரூத் கொடுத்த வேகமும் தோரா வாங்கிய வேகமும் அப்படி. கிசுகிசுத்தால் எழுத்துகள் சீறும், கேட்டுவிடும். எக்ஸ்சேஞ்சில் பழகிய தட்டையான தாழ்ந்த குரலில் ரூத் சொல்வாள். அது முதல் வரிசைக்குக்கூட எட்டாது.

தலைக்கு ஒரு சாண் மேலே மைக் இருந்தால் எட்டும்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு அவள் ஒப்பனை அறைக் கதவைத் தட்டினாள். தோரா, ராணியின் கறுப்பு உடையில், மார்பில் ஒரு பெரிய துண்டைக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன உருளைக்கிழங்கும் உப்பு ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தேனும் மூலிகையும் சப்புகிற பாடகிகளைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. உப்புதான் தொண்டையைத் திறக்கும் என்பாள்.

"அரசவைப் பாடகி மன்னிக்கணும். மைக்கை என் கூண்டு மேல வெச்சிருக்காங்க. இன்னைக்கு நான் சத்தம் போடக் கூடாதுன்னு உத்தரவு. உதட்டை மட்டும் அசைப்பேன்."

முள்கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"மூணு அங்கத்துலயுமா?"

"மூணுலயும்."

தோரா மீனை நிதானமாக மென்று விழுங்கினாள். "அப்போ மிஸ் நிலேன் நல்லா வாயைத் தொறந்து அசைங்க. பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி."

அவ்வளவுதான். ஆனால் துண்டை அவிழ்த்த விரல்கள் முடிச்சைத் தேடி இரண்டு தடவை தவறின. ரூத் அதைப் பார்த்தாள்.

முதல் அங்கம் தப்பித்தது. தோராவின் கண் ஐந்து தடவை கீழே வந்தது. ஐந்து தடவையும் ரூத் பல் டாக்டரிடம் காட்டுவது போல வாயைத் திறந்தாள்; ஐந்து தடவையும் தோரா பிடித்துக்கொண்டாள். குரலைக் கேட்டவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வந்திருக்காது. ஐம்பத்தாறு வயதில் அந்தக் குரல், கருங்கல்லில் உளி பட்டுத் தெறிக்கிற பொறி மாதிரி இருந்தது. அவளோடு சேர்ந்து பாடிய இளம் பாடகன் தன் வரியையே மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ரூத்தான் வாயசைத்தாள்.

முதல் இடைவேளையில், துணி சரியாகத் தொங்கவில்லை என்று ஸ்வாந்தெ இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்தத் துணியின் முனை, கூண்டுக்குள் ரூத்தின் முகத்துக்கு வெளிச்சம் தருகிற சின்ன விளக்கை மூடியதை அவன் கவனிக்கவில்லை. ரூத் கவனித்தபோது திரை ஏறிவிட்டிருந்தது. கையை நீட்டித் துணியைத் தள்ளினால் மைக்கில் இடி விழுந்த மாதிரி கேட்கும். அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் அங்கத்தின் நடுவில் அந்த இடம் வந்தது. மகனுக்கு மரண தண்டனை எழுதிய காகிதத்தை ராணியின் முன் வைக்கிறார்கள். பேனாவை எடுக்கிறாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. முழு நிசப்தம். அந்த நிசப்தத்தை உடைத்துக்கொண்டு, எந்தத் துணையும் இல்லாமல், ராணி தனியாகத் தொடங்க வேண்டும்.

ராணி தொடங்கவில்லை.

ஒரு நொடி. ஜனங்கள் அதை நடிப்பு என்று நினைத்தார்கள். இரண்டு நொடி. தோராவின் கண் கூண்டுக்கு வந்தது. ரூத் வாயை அசைத்தாள். இருட்டில் அந்த வாய் யாருக்குத் தெரியும்? மூன்று நொடி. வாத்தியக் குழுவை நடத்துபவரின் கோல் அந்தரத்தில் நின்றது. கிருனாவிலிருந்து தெற்கு முனை வரை, நாட்டின் சமையலறைகளில் எல்லாம், ரேடியோ கெட்டுப்போச்சோ என்று யாரோ எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

வேலை போகும் என்பது ரூத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் வார்த்தையைச் சொன்னாள். தட்டையாக, தெளிவாக.

தோரா அசையவில்லை.

அப்போதுதான் ரூத்துக்குப் புரிந்தது, சிக்கல் வார்த்தையில் இல்லை. ராணியின் தோள்கள் மேலே ஏறி அப்படியே நின்றிருந்தன. பயத்தில் மூச்சை இழுத்தவள் அதை விடவில்லை. பூட்டிய மார்பில் எந்த வார்த்தை நுழையும்?

"தோரா, மூச்சை விடு" என்றாள் ரூத். "விடும்மா. ஆங். இப்ப இழு."

பிறகு மறுபடியும் அந்த வார்த்தை.

தோள்கள் இறங்கின. ராணி பாடினாள். முதலில் நூல் மாதிரி, பிறகு கயிறு மாதிரி, பிறகு கப்பலைக் கட்டுகிற வடம் மாதிரி. மகனைக் கொல்லக் கையெழுத்துப் போடுகிற ஒரு தாய், பேச்சே வராமல் நின்று, யாரோ சொல்லித்தான் மூச்சு விட்டாள் என்பது அந்தக் காட்சிக்கு எவ்வளவு பொருத்தம் என்று மறுநாள் ஒரு விமர்சகர் எழுதினார். அன்றைக்கு ரூத் அதை யோசிக்கும் நிலையில் இல்லை. சொன்ன வார்த்தையைக்கூட மன்னித்துவிடுவார்கள். பெயரைச் சொல்லிவிட்டாளே. ஒரு மிஸ் நிலேன், அரசர் பட்டம் கொடுத்த அம்மாளை, நாடு முழுக்கக் கேட்க, "தோரா" என்று அழைத்து, "மூச்சை விடு" என்று ஆணையும் இட்டுவிட்டாள்.

திரை இறங்கியதும் அவளை ஒப்பனை அறைக்கு வரச் சொன்னார்கள்.

லாகர்பெரி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். ரூத்தைப் பார்க்காமல், தோராவிடம் மட்டும் பேசினார். இன்னும் எட்டு நிமிடத்தில் ரேடியோவின் இடைவேளைப் பேட்டி, அதுவும் நேரடி. கேள்வி வரும். பதில் சுலபம். அரசவைப் பாடகி வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட நீண்ட மௌனத்தை, நரம்புத் தளர்ச்சியில் இருக்கும் ஒரு ஊழியர் தப்பாகப் புரிந்துகொண்டு குழம்பிவிட்டார். பாவம், களைப்பு. ஓய்வு கொடுத்துவிடலாம். நாளைக் காலை மூன்று வருஷ ஒப்பந்தம் கையெழுத்துக்கு இருக்கிறது. அதில் எந்த மாற்றமும் இல்லை.

தோரா கண்ணாடியைப் பார்த்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் சொல்றபடியே சொல்லிடுங்க" என்றாள் ரூத். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அவள் வேலை எப்படியும் போய்விட்டது. அந்தக் குரலுக்கு இன்னும் மூன்று வருஷம் மேடை கிடைத்தால் அது நல்ல கணக்கு என்றே அவளுக்குப் பட்டது. "அரசவைப் பாடகி தப்பா நினைக்கக் கூடாது. பேரு வாய் தவறி வந்துடுச்சு."

தோரா பவுடர் டப்பாவை மூடினாள். எழுந்து பேட்டிக்குப் போனாள்.

ரூத் மேடைப் பக்கவாட்டுக்குப் போனாள். மேடை மேலாளர் ஹில்டிங்கின் மேசையில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. ஹில்டிங் துறைமுகப் பேட்டைக்காரர். செத்த வீட்டிலும் ஜோக் சொல்லாமல் வரமாட்டார்.

"உக்காருங்க மிஸ் நிலேன். என் பொண்டாட்டி முப்பது வருஷமா என்னைப் பார்த்து மூச்சை நிறுத்துன்னு சொல்றா. விடச் சொல்ற ஒரு ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ரூத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். முதல் அங்கத்தைப் புகழ்ந்தார், மழையைப் பற்றி ஏதோ சொன்னார், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இரண்டாம் அங்கத்தில் நேயர்கள் ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கக்கூடும் என்றார்.

"சத்தம் இல்லைங்க. அவங்க பேரு ரூத் நிலேன்" என்றது தோராவின் குரல்.

ஹில்டிங் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு வார்த்தை மறந்து போச்சு. அவங்க குடுத்தாங்க. அப்புறம் மூச்சு விடவும் மறந்து போச்சு. அதையும் அவங்கதான் குடுத்தாங்க. முதல் தடவை இல்லை. வசந்தத்துலேர்ந்து எனக்கு இப்படித்தான். இத்தனை நாள் ஜனங்க கேட்டது என் குரல், ஆனா பாதி ஞாபகம் அவங்களோடது."

அறிவிப்பாளர் தடுமாறினார். அவர் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல், கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். ஆனால், ஒரு ஊழியர் அரசவைப் பாடகியைப் பெயர் சொல்லி அழைத்தது கொஞ்சம்... என்று இழுத்தார்.

"அது என் தப்பு. பெரியவ நான். நான்தான் கேட்டிருக்கணும். பத்தொன்பது வருஷமா சோம்பேறித்தனம். இப்ப கேக்கறேன், இத்தனை பேர் சாட்சியா. ரூத், பட்டத்தையெல்லாம் கழட்டி வெச்சிடலாமா? மாட்டேன்னா சொல்லிடு, மூணாவது அங்கத்துல நான் வாயையே தொறக்கலை."

எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. லாகர்பெரியாக இருக்க வேண்டும்.

ரூத் எழுந்து கூண்டுக்குப் போனாள். போகும் வழியில் முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள். கூண்டுக்குப் பக்கத்தில், மேடையில், ஸ்வாந்தெ மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. பச்சைத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். விளக்கு எரிந்தது.

"மைக்கை எடுக்க நேரமில்லை. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க" என்றான். "வர்றது வரட்டும்."

மூன்றாம் அங்கத்தில் ரூத் நான்கு இடங்களில் வாய்விட்டே சொன்னாள். நான்கும் நாடு முழுக்கக் கேட்டன. ஒவ்வொரு தடவையும் தோரா அவளை நேராகப் பார்த்து, ராணிகள் தோழிகளிடம் வாங்குவது போல அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு பாடினாள். ஒளிக்க ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, அந்தக் கடைசி அரைமணி நேரம் அவள் பாடியது போல அதற்கு முன் பாடியதில்லை என்று, அன்றைக்குக் கேட்டவர்கள் சண்டை போட்டுச் சாதிப்பார்கள். திரை இறங்கியபோது அவள் முன்விளிம்புக்கு வந்து, குனிந்து, கூண்டுக்குள் கையை நீட்டினாள். ஆனால் ரூத் வெளியே வரவில்லை. கூண்டிலிருந்து மேடைக்கு வழி கிடையாது. அதனால் கையை மட்டும் கொடுத்தாள். அரங்கிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு ராணி நாய்க்கூண்டோடு கைகுலுக்கியது போலிருந்தது.

திங்கட்கிழமை மூன்று வருஷ ஒப்பந்தம் மேசையில் இல்லை. லாகர்பெரி மரியாதையாக வருத்தம் தெரிவித்தார். ரூத்தை வேலையை விட்டு அனுப்பும் கடிதமும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை தபாலில் முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்தன. புதன்கிழமை அதைப்போல இரண்டு மடங்கு. பாதிக்கு மேல் "அடியெடுத்துக் கொடுத்த அம்மாளுக்கு" என்று மட்டும் முகவரி போட்டவை. லாகர்பெரி தன் கடிதத்தை மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் தோரா ரூத்தின் குடியிருப்பு மாடிப்படியை ஏறி வந்தாள். கையில் ஒரு பொட்டலம் இறால். சமையலறையில் நின்றபடியே இருவரும் உரித்துத் தின்றார்கள்.

"போச்சா மேடை?" என்று கேட்டாள் ரூத். 'அரசவைப் பாடகி' நாக்கு நுனி வரை வந்து நின்றது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"போச்சு. போகட்டும்டி. ராணி கையில புத்தகத்தை வெச்சுக்கிட்டு சாக முடியாது." தோரா இறால் தோலை ஓரமாகத் தள்ளினாள். "ஆனா சர்ச்ல, கச்சேரியில, பாடறவ புத்தகத்தோடதான் நிக்கணும். அதான் வழக்கம், ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். மூணு ஊருக்கு எழுதிட்டேன். ரெண்டு ஊர்லேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் பாடினாள். பெரிய தேவாலயங்களிலும், கல்குவாரி ஊர்களின் சின்னச் சர்ச்சுகளிலும், கறுப்புக் கவுனும் கையில் திறந்த புத்தகமுமாக. ஆப்பராவில் கேட்டதைவிட இதுதான் பெரிய பாட்டு என்றவர்கள் உண்டு.

முதல் கச்சேரி மறு வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, ஒரு தேவாலயத்தில். ரூத் டிக்கெட் வாங்கிக்கொண்டு பன்னிரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததெல்லாம் தோராவின் முகவாய்க்கட்டை, காலணி, தெறிக்கும் எச்சில், கூண்டு ஓட்டையில் எது தெரியுமோ அது. இப்போது தலை முதல் கால் வரை முழு மனுஷியாக, தூரத்தில், வெளிச்சத்தில் நின்றாள். குரல் கூரை வரை போய், அங்கே ஒரு சுற்று சுற்றி, மேலிருந்து இறங்கி வந்தது. ஜனங்கள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா என்று ரூத் திகைத்துப் போனாள். இது இவ்வளவு பெரியது என்று யாரும் அவளிடம் சொல்லவே இல்லையே.

பக்கத்திலிருந்த தொப்பிக்காரப் பெண்மணி முழங்கையால் இடித்தாள்.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? எல்லா வரியையும் நீங்களே முன்னாடி சொல்லிட்டு வர்றீங்க. அந்த அம்மாவைப் பாட விடுங்க."

ரூத் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மீதியைக் கேட்டாள்.